நோயுற்றவர் சொல்லே சான்று

குருதியிலுள்ள சர்க்கரையைக் கருவி அளந்து கூறும்; எலும்பு முறிவை ஊடுகதிர்ப்படம் காட்டும். ஆனால், வலியையும் களைப்பையும் உறக்கமின்மையையும் அவற்றால் துன்புறுபவரே அறிவார். அவருடைய சொல்லை அறிவியல் ஏற்கும் சான்றாக மாற்றுவது எவ்வாறு?

சொல்லும் எண்ணும்

புதிய மருந்து ஒன்றின் பயனை அறியும் மருத்துவச் சோதனைகளில், மருத்துவரின் இடையீடின்றி நோயரே தம் நிலையைத் தெரிவிப்பது ‘நோயர் தெரிவிக்கும் விளைவு’ எனப்படும். 1975ஆம் ஆண்டில் கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரொனால்டு மெல்சாக், வலியை உணர்த்தும் சொற்களை வகைப்படுத்தி வினாப்படிவம் ஒன்றை வெளியிட்டார். 0 என்றால் துன்பம் இல்லை, 10 என்றால் தாங்கவியலாத துன்பம் என்னும் அளவுகோலும் இன்று பரவலாகப் பயன்படுகிறது.

ஒரு சோதனை

எலும்பு மஜ்ஜை நார்த்திசுவாக மாறும் நோய் மைலோபைப்ரோசிஸ். இந்நோயில் மண்ணீரல் பெருத்து வயிற்றை அழுத்தும். இரவில் வியர்வை பெருகும். உடலெங்கும் அரிப்பு உண்டாகும். ரக்சோலிடினிப் என்னும் மருந்தை ஆராய்ந்த சோதனை ஒன்றில் 309 நோயர் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் மருந்தையும் மறுபகுதியினர் மருந்துப்பொருள் இல்லாத மாத்திரையையும் உண்டனர். தாம் உண்பது எது என்பதை எவரும் அறியார். அறிந்திருந்தால், நம்பிக்கையே விடையை மாற்றிவிடக்கூடும். நாள்தோறும் அவர்கள் தம் துன்பத்தின் அளவை மின்னணு நாட்குறிப்பில் பதிந்தனர். 24 வாரங்களுக்குப்பின், மருந்து உண்டோருள் 45.9 விழுக்காட்டினரின் துன்பம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. மற்றவருள் அவ்வாறு குறைந்தோர் 5.3 விழுக்காட்டினரே. 2011இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது.

மொழியின் பங்கு

தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என வலி பல பெயர் பெறும். அயல்மொழிப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவ்வேறுபாடுகள் மறைந்துவிடும். எனவே, ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பார். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தியபின், நோயர் சிலரிடம் வினாக்களைக் காட்டி, அவர்கள் கொண்ட பொருளைக் கேட்டறிவர்.

நிரம்பாத கட்டங்கள்

நோய் முற்றியவரும் பக்கவிளைவைத் தாங்காமல் விலகியவரும் படிவத்தை நிரப்புவது அரிது. எஞ்சியோரின் விடைகளை மட்டும் கணக்கிட்டால், மருந்து உண்மையைவிடச் சிறந்ததாகத் தோன்றும். அதை நம்பி மருந்து உண்போர் ஏமாற நேரும். ஆகவே, விடுபட்ட விடைகளைக் கையாண்ட முறையை ஆய்வறிக்கையில் வெளிப்படையாகக் கூற வேண்டும் என 2013இல் வெளியான கன்சார்ட் நெறிமுறை விரிவாக்கம் வலியுறுத்துகிறது. நிரம்பாத கட்டத்திற்குப் பின்னாலும் ஒருவரின் துன்பம் இருக்கக்கூடும். அதனையும் கருத்தில் கொள்வதே நேர்மையான அளவீடாகும்.