வெட்டுத் துணியில் மணிக்கட்டுப் பட்டை

நெசவாளர் வீட்டிலும் தையற்காரர் கடையிலும் ஒரு சாண் அகலம்கூட இல்லாத துண்டுத் துணிகள் நாள்தோறும் மிஞ்சுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி அடுப்புத் துடைக்கும் துணியாகவோ குப்பையாகவோ முடிகிறது. அத்துண்டுகளைக் கொண்டு மலைத் தோட்டங்களில் உழைப்போருக்குப் பயன்படும் ஓர் எளிய பொருளைத் தைக்கும் முறையையும், அதனை விற்க முற்படும் சங்கங்கள் கவனிக்க வேண்டிய கணக்கையும் இங்கு எடுத்துரைப்போம்.

பழனி மலைத் தொடரில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம், குளிர் மிகுந்த மாதங்களிலேயே வருகிறது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலிலும், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துப் பூண்டு, உருளைக்கிழங்கு வயல்களிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. காலையில் செடியை விலக்கும்போது பனிநீர் சட்டைக் கையின் வாய்க்குள் வழிகிறது. எறும்பும் அவ்வழியே ஏறுகிறது. மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால், அவ்விடம் குளிர்ந்தால் விரல்களும் விரைவில் விறைக்கின்றன. கையுறை அணிந்தாலோ பழுத்த பழத்தை மட்டும் தேர்ந்து பறிக்க இயலாது. விரல்களுக்கு முழு உரிமை அளித்து, சட்டைக் கையின் வாயை மட்டும் அடைப்பதே மணிக்கட்டுப் பட்டையின் வேலை. ஜப்பானிய உழவர்களும் தேயிலை பறிப்போரும் ‘டெக்கோ’ என்னும் துணிக் காப்பை இந்நோக்கத்துடனேயே அணிந்து வந்தனர்.

முதலில் துணியைத் தேர்ந்தெடுத்தல். மேற்புறத்திற்குக் கெட்டியான கைத்தறிப் பருத்தி ஏற்றது. உட்புறத்திற்குப் பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியே மிகச் சிறந்தது. மலையடிவாரத்துச் சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பெயர் பெற்றது. சுங்குடித் துண்டுகள் மேற்புறத்திற்கு அழகு தரும். செயற்கைப் பட்டு வழுக்குமாதலின், அதனை உட்புறத்தில் வைத்தல் ஆகாது. நடுவே வைக்கப் பழைய கம்பளியோ பிளானலோ வேண்டும். பருத்தி நனைந்தால் குளிரும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். மன்னவனூரில் 1965-ஆம் ஆண்டு முதல் மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இயங்கி வருவதை அறிந்தோர்க்கு, கம்பளி இம்மலைக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

எல்லாத் துண்டுகளையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்து உலர்த்துதல் வேண்டும். தைத்த பின் ஒரு துணி சுருங்கி மற்றொன்று சுருங்காதிருப்பின் பட்டை கோணிவிடும். சாயத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க. சாயம் ஒட்டுமாயின் அத்துண்டை நீக்கிவிடுக.

அடுத்தது அளவு. சட்டைக் கையின் மேலாக மணிக்கட்டைச் சுற்றி, ஒரு விரல் நுழையும் தளர்ச்சியோடு அளந்து கொள்க. அது 7 அங்குலம் எனக் கொள்வோம். ஒன்றின் மேல் ஒன்று படிய 2 அங்குலமும், இரு முனைகளின் தையலுக்கு அரை அரை அங்குலமும் சேர்த்தால் நீளம் 10 அங்குலம். முடிந்த அகலம் இரண்டரை அங்குலமாக இருக்க, மூன்றரை அங்குலம் வெட்டுக. மேற்றுணி, உட்டுணி இரண்டிற்கும் இதுவே அளவு. நடுத்துணி மட்டும் 8 அங்குல நீளமும் இரண்டரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த அகலமும் போதும். பட்டையின் நீளம் பாவு நூலின் போக்கில் அமையட்டும். குறுக்காகக் கோணல் வெட்டாக வெட்டிய துணி நாளடைவில் இழுபட்டுத் தொங்கும்.

பத்து அங்குலத் துண்டு கிடைக்காவிடில் ஒட்டுப் போடலாம். ஒவ்வோர் ஒட்டும் தையலில் ஓர் அங்குலத்தை விழுங்கும் என்பதை மறத்தலாகாது. இரண்டு துண்டுகளாயின் மொத்தம் 11, மூன்று துண்டுகளாயின் 12 அங்குலம் வேண்டும். பொத்தான் வரும் இடத்தில் ஒட்டு விழாதவாறு பார்த்துக் கொள்க.

இனித் தையல். மேற்றுணியையும் உட்டுணியையும் நல்ல பக்கங்கள் உள்ளே நோக்குமாறு வைத்து, இரு நீளப் பக்கங்களையும் ஒரு முனையையும் அரை அங்குலம் உள்ளே தைக்க. கைத்தறித் துணி எளிதில் நூல் பிரியுமாதலால் இந்த அரை அங்குலத்தைக் குறைத்தல் கூடாது. மூலைகளில் மட்டும் மிகுதியைக் கத்தரித்துப் பையை வெளிப்புறமாகத் திருப்புக. நடுத்துணியை மூடிய முனைவரை தள்ளிச் செருகுக. திறந்த முனையை அரை அங்குலம் உள்ளே மடித்து மூடுக. பிறகு நீளவாக்கில் மூன்று வரிசை ஓட்டுத் தையல் போட்டால் நடுத்துணி சுருளாது. வங்காளத்துக் ‘காந்தா’ வேலைப்பாட்டில் பழந்துணி அடுக்குகள் ஒன்றாக நிற்பதும் இத்தகைய ஓட்டுத் தையலால்தான்.

நடுத்துணி எட்டாத முனையில், விளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் காஜா எடுக்க. மறுமுனையில் விளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் ஒன்றும், ஒன்றரை அங்குலத்தில் ஒன்றுமாக இரு பொத்தான்கள் தைக்க. உட்பொத்தானில் மாட்டினால் சுற்றளவு 7 அங்குலம். வெளிப்பொத்தானில் மாட்டினால், ஸ்வெட்டரின் மேல் அணியத்தக்க 8 அங்குலம்.

சில எச்சரிக்கைகளும் தேவை. இறுகக் கட்டுதல் தீங்கு. விரல் மரத்துப் போவோர்க்கு இப்பட்டை மருந்தன்று. அவர்கள் மருத்துவரை அணுகுதலே முறை. பூச்சிமருந்து தெளிக்கும்போது இதனை அணியலாகாது. துணி மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரத்தின் அருகிலும் கழற்றிவிடுதல் வேண்டும்.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு வார்த்தை. வெட்டுத் துணி இலவசம், வீட்டுப் பெண்களின் ஓய்வு நேரமும் இலவசம் எனக் கருதி விலை வைப்பது இத்தகைய தொழில்களில் எளிதில் நேரும் பிழை. ஓர் உதாரணம் காண்போம். ஒரு பெண்மணிக்கு ஒரு நாளைய கூலி 400 ரூபாய் என்றும், கையால் தைத்து நாளொன்றுக்கு 8 பட்டைகள் முடிப்பார் என்றும் வைத்துக் கொண்டால், கூலி மட்டுமே ஒன்றுக்கு 50 ரூபாய். நூல், பொத்தான், துவைக்கும் செலவு ஆகியவற்றுக்கு 6 ரூபாய் சேர்த்தால் அடக்கம் 56. இதனை 30 ரூபாய்க்கு விற்றுவிட்டு, கைக்காசு 6 ரூபாய்தானே, 24 ரூபாய் லாபம் என்று மகிழ்ந்தால், உண்மையில் அப்பெண்மணியின் உழைப்பிலிருந்து 26 ரூபாய் வாங்குபவருக்குத் தானமாகப் போகிறது. அடக்க விலை கிடைக்காத இடத்தில் விற்பதைவிட, அங்கத்தினர் தத்தம் குடும்பத்திற்குத் தைத்துக் கொள்வதே சிக்கனம்.

விற்பது என முடிவு செய்தால், வரும் துண்டுகளை எடை போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றுக. கொடுத்தவர் பெயரும், தைத்தவர் பெயரும், கூலி வழங்கிய நாளும் பதிவாகட்டும். முதலில் பத்துப் பட்டைகள் மட்டும் தைத்து, காப்பி பறிப்போரிடம் ஒரு வாரம் அணியக் கொடுத்து, அவர்கள் கூறும் குறைகளைத் திருத்திய பின்னரே நூறு தைக்க முற்படுதல் நன்று.