தலையில் ஒரு தையல், தங்கவயலில் ஒரு தையல்

சட்டை கிழிந்தால் தைத்துக்கொள்கிறோம். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் தையல் போடுகிறார்கள். நமக்குத் தெரிந்த தையல் இவ்வளவுதான். ஆனால் விஞ்ஞானிகள் இந்தச் சொல்லை இன்னும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் 'சூச்சர்' என்பார்கள். தைத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நம் தமிழிலோ தையல் என்பதற்குப் பெண், அழகு என்ற பொருள்களும் உண்டு!

முதலில் அடுக்களைக்குப் போவோம். அவரைக்காயின் ஓரத்தில் நாரை உரிக்கிறோம் அல்லவா? அந்த ஓரந்தான் தாவர நூலில் தையல் எனப்படுவது. பயறு, உளுந்து போன்றவற்றின் நெற்று காய்ந்து வெடிப்பதும் அந்த ஓரத்தில்தான்.

அடுத்தது நம் தலை. மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புகள் ரம்பப் பல்போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோடுகளுக்குத் தையல் மூட்டு என்று பெயர். பிறந்த குழந்தைக்கு இவை இறுகியிருப்பதில்லை. அதனால்தான் பிரசவத்தில் தலை சற்றுக் குறுகி வெளியே வர முடிகிறது; மூளை வளரவும் இடம் கிடைக்கிறது. இந்தத் தையல்கள் கூடும் இடமே உச்சிக்குழி. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். பேதி கண்ட குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பூமிக்கும் தையல் உண்டு. இரண்டு நிலப்பகுதிகள் நகர்ந்து வந்து மோதி ஒட்டிக்கொண்ட இடத்தைப் புவியியலார் அப்படி அழைக்கிறார்கள். கோலார் தங்கவயல் அத்தகைய ஓர் இடம் என்று 1989-ல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். அங்கே கிழக்கிலும் மேற்கிலும் உள்ள பாறைகளின் வரலாறு வெவ்வேறு. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் இணைந்தன என்பது அவர்கள் முடிவு. இதை ஏற்காத நிபுணர்களும் உண்டு. ஆனால் பூமிக்கடியில் பாறை நசுங்கிப் பிளந்த வெடிப்புகளில் சூடான நீர் ஏறி, வெண்கல்லோடு தங்கத்தையும் படியவைத்தது என்பது தெரிந்த விஷயம்.

அந்தத் தங்கத்தைத் தேடித்தான் வட ஆற்காடு போன்ற ஜில்லாக்களிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். 1880-ல் தொடங்கிய சுரங்கவேலை மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை போனது. பாறை வெடிப்பிலும், கல்தூசியால் வந்த நுரையீரல் நோயிலும் மாண்டவர்கள் பலர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த பலர் இன்று விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்.

ஜோலார்பேட்டை வழியாக ஊருக்குப் போகும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பங்காருப்பேட்டை தாண்டிக் குப்பம் வருவதற்குள் ரயில் இந்தப் பாறைப் பட்டையைக் கடக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் என்று எதையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். நம் பாட்டன்மார் பல தலைமுறை உழைத்துப் பிழைத்தது அப்படி ஓர் இடத்தில்தான்.