அரிசியில் எழுதும் அறம்

பண்டிகை நாளின் வைகறையில் இந்திய நாட்டின் ஊர்கள் பலவற்றில் வாயில்தோறும் தரையோவியம் மலர்ந்திருத்தலைக் காணலாம். மராட்டியர் அதனை ரங்கோலி என்பர். வங்காளத்தார் அல்பனா என்பர். தெலுங்கர் முக்கு என்பர். தமிழர் கோலம் என்பர். பெயர் வேறுபடுவது போன்றே எழுதும் பொருளும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. எப்பொருளால் எழுதுகின்றனர் என்பதை நோக்கினால் அவ்வோவியத்தின் உட்கருத்தும் விளங்கும்.

மராட்டிய நாட்டிற் பெரிதும் வழங்குவது வெண்கற்பொடி. தீபாவளி நாட்களில் மகளிர் முற்றத்தைத் தூய்மை செய்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொடியை எடுத்து, விரல் தரையிற் படாதவாறு இழை இழையாக உதிர்ப்பர். தாமரை, அகல்விளக்கு, திருமகளின் திருவடிகள் ஆகியவற்றின் உருவை முதலில் வரைந்து, பின்னர் வண்ணப்பொடி தூவி நிரப்புவர். ஆங்கு முதன்மை பெறுவது வண்ணப் பொலிவேயாகும்.

தமிழ்நாட்டு மரபோ அரிசிமாவைச் சார்ந்தது. சாணம் தெளித்த நிலத்தில் முதலிற் புள்ளிகளை வரிசைப்பட இடுவர். வரிசைகள் நேருக்கு நேர் அமையின் நேர்ப்புள்ளி. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் புள்ளி அமையின் ஊடுபுள்ளி. சிக்குக் கோலத்தில் இழையானது புள்ளியைத் தொடாமல் அதனைச் சுற்றி வளைந்து சென்று, தொடங்கிய இடத்தையே வந்தடையும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையிற் பூசணிப்பூவைச் செருகி வைப்பர். யாழ்ப்பாணத்திலும் தைப்பொங்கலன்று முற்றத்தை மெழுகி, உலக்கையை நிலத்திற் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி நேர்கோடுகள் அமைத்து, அக்கோலத்தின் நடுவே அடுப்பு வைக்கும் வழக்கம் உண்டு.

அரிசிமாவை ஏன் கொண்டனர்? எறும்பும் அணிலும் சிறு குருவியும் அதனை உண்ணும். வீட்டார் உணவருந்துமுன்னரே வாயிலுக்கு வந்த சிற்றுயிர்க்கு உணவு இடப்பட்டுவிடுகின்றது. நண்பகலுக்குள் கோலம் சிதைந்துவிடின் அது குறையன்று; அதுவே அதன் பயன்.

சமணரிடத்து இதே அரிசி வேறொரு கருத்தைத் தாங்குகின்றது. மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளாகவே அவர்கள் தீபாவளியைக் கொண்டாடுவர். குஜராத்தில் வாயிற்கோலத்துக்கும் சுவஸ்திகத்துக்கும் சாத்தியா என்னும் ஒரே பெயர் வழங்குகின்றது. அங்குள்ள சமணக் கோயில்களில் வழிபடுவோர் சிறு பலகையின்மேல் முனைமுறியாத அரிசிமணிகளாற் சுவஸ்திகம் வரைவர். அதன் நான்கு கைகள் தேவர், மக்கள், விலங்கு முதலியன, நரகர் என்னும் நால்வகைப் பிறப்பைக் குறிக்கும். மேலே இடும் மூன்று சிறு குவியல்கள் நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைக் குறிக்கும். அவற்றுக்கும் மேலே அமையும் பிறை, வீடுபெற்ற உயிர்கள் உறையும் இடத்தைச் சுட்டும். உமி நீங்கிய அரிசி மீண்டும் முளையாது. அதுபோன்று வினை நீங்கிய உயிர் மீண்டும் பிறவாது. அரிசியைத் தேர்ந்ததற்கு அவர்கள் கூறும் காரணம் இதுவேயாம்.

இன்று தமிழ்நாட்டு நகரங்களிற் கற்பொடியும் ஒட்டுத்தாளும் அரிசிமாவின் இடத்தைப் பெரிதும் கைப்பற்றிவிட்டன. கற்பொடி மலிவானது, வெண்மை மிக்கது. ஒட்டுத்தாளோ பல நாள் அழியாதது. வேலைக்கு விரையும் இல்லத்தார்க்கு அவை உதவுகின்றன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அக்கோலத்தை நாடி வரும் எறும்பு வெறும் வாயோடு திரும்புகின்றது. கண்ணுக்கு விருந்து எஞ்சியது. சிற்றுயிர்க்கு இட்ட விருந்து நின்றது. விழா நாளிலேனும் ஒருபிடி அரிசிமாவை வாயிலில் இடுவாராயின், அவ்விருந்தும் மீண்டும் தொடங்கும்.