சப்பானிய மொழித்திறன் தேர்வும் தமிழ் மாணவரும்

சப்பானிய மொழியைக் கற்கப் புகும் தமிழ் மாணவருள் பலர், அம்மொழி தமிழோடு உறவுடையதாதலின் எளிதிற் கைவரும் என்னும் நம்பிக்கையோடு தொடங்குகின்றனர். யாமும் அங்ஙனமே தொடங்கினோம். அந்நம்பிக்கையில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதனைச் சப்பானிய மொழித்திறன் தேர்வே எமக்குக் காட்டிற்று. அத்தேர்வின் மூன்றாம் படிக்கு முதன்முறை அமர்ந்தபொழுது 180 மதிப்பெண்ணுக்கு 103 பெற்றோம். அப்படிக்குரிய தேர்ச்சி எல்லை 95 ஆகும். ஆயினும் யாம் தேறவில்லை. மூன்று பகுதிகளுள் எதிலேனும் 60க்கு 19 பெறாதார், மொத்தத்தில் எத்துணை மிகுதியாகப் பெற்றிருப்பினும் தேறாதவரே என்பது விதி. கேட்டற் பகுதியில் எமக்குக் கிடைத்தது 17. இலக்கணமும் படித்தலும் நன்கு நிற்ப, கேட்டல் மட்டும் வீழ்ந்தது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தேர்வின் அமைப்பை முதற்கண் கூறுதல் வேண்டும். இஃது 1984 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டில் 15 நாடுகளிலும் நிலப்பகுதிகளிலுமாக ஏறத்தாழ 7,000 பேர் எழுதினர். 2009 வரை நான்கு படிகளே இருந்தன. 2010 இல் நடுவே ஒரு படி சேர்க்கப்பெற்று ஐந்தாயின. ஐந்தாம் படி தொடக்கநிலை, முதற்படி உச்சநிலை. ஆண்டிற்கு இருமுறை, சூலை, திசம்பர்த் திங்கள்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறுகின்றது. ஒருமுறை மட்டுமே நடைபெறும் ஊர்களும் உள. சென்னையும் தேர்வு நடைபெறும் நகரங்களுள் ஒன்று. பழைய நான்கு படிகளுக்கும் ஓர் அளவு வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தது. கடைப்படிக்கு ஏறத்தாழ 100 சித்திரவெழுத்தும் 800 சொல்லும் 150 மணி நேரக் கல்வியும். முதற்படிக்கு 2,000 எழுத்தும் 10,000 சொல்லும் 900 மணி நேரமும் என்பது அவ்வளவு. 2010க்குப் பின்னர் இத்தகைய சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. ஆதலின் இன்று கடைகளில் கிடைக்கும் பட்டியல்கள் யாவும் பதிப்பாளர்தம் உய்த்துணர்வே என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் நலம்.

வினாக்கள் அனைத்தும் தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்து வட்டத்தை நிரப்பும் முறையின. ஓர் எழுத்தையேனும் கையால் வரைய வேண்டுவதில்லை. ஒரு சொல்லையேனும் வாயாற் கூற வேண்டுவதில்லை. கிடைக்கும் மதிப்பெண்ணும் சரியான விடைகளின் எண்ணிக்கையன்று; வினாக்களின் கடுமையைக் கணித்து ஒப்பளவாக்கிய எண். ஆகவே எமது 17 என்பது பதினேழு விடை சரி எனப் பொருள்படாது. (இதனை அறியாமல் சில நாள் வீண் கணக்கிட்டோம்.)

இனித் தமிழறிவு துணைசெய்யும் இடங்களைக் காண்போம். சப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில், இன்றியமையா இடத்து வடவெழுத்தும் கலந்து, ஈண்டுத் தருகின்றோம். இதனால் நேரும் குறையைப் பின்னர்க் காட்டுவோம்.

'கினோ கத்த ஹொன்' என்பது 'நேற்று வாங்கிய நூல்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேரானது. நம் பெயரெச்சம் நிற்கும் இடத்தில் அவர்தம் வினையும் நிற்கின்றது; 'எது', 'எவர்' என்னும் இணைப்புச் சொல் இடைப்படுவதில்லை. 'தபெதெ மிரு' என்பது 'தின்று பார்'. இதில் 'மிரு' என்பது தனித்து நின்றால் காண்டல் என்றே பொருள்படும். 'கத்தெ ஒகு' என்பது 'வாங்கி வை'; 'ஒகு' என்பதன் முதற்பொருளும் வைத்தலே. வினையெச்சத்தின்பின் வந்து பொருளிழந்து துணைவினையாகும் இவ்வழக்கு, ஆங்கிலத்தின் வழியாகச் சப்பானியம் கற்பார்க்குப் பல பக்க விளக்கம் வேண்டுவது. தமிழர்க்கு ஒரு வரி போதும். 'தொ' என்னும் இடைச்சொல் நம் 'என்று' என்பதன் தொழிலை முற்றும் செய்கின்றது. 'தரெ' என்பது 'யார்'. 'தரெ க' என்பது 'யாரோ'. 'தரெ மொ' என்பது 'யாரும்'. ஓகாரமும் உம்மையும் செய்யும் வேலையை ஆங்குக் ககரமும் மொகரமும் செய்கின்றன.

சுட்டுப் பெயர்களில் இவ்வொப்புமை இன்னும் சுவையுடையது. 'கொரெ, சொரெ, அரெ' என அவர்க்குச் சுட்டு மூன்று. பேசுவோன் அருகிலுள்ளது, கேட்போன் அருகிலுள்ளது, இருவர்க்கும் சேயது என்பன அவற்றின் பொருள். இரண்டே சுட்டுடைய மொழியினர் இடைச்சுட்டில் இடறுவர். தமிழகத்து மாணவரும் இன்று அங்ஙனமே இடறுகின்றனர்; உகரச் சுட்டு அவர்தம் பேச்சில் வழக்கொழிந்தமையே காரணம். யாழ்ப்பாணத்தார் வழக்கிலோ 'உது', 'உவர்' என்பன கேட்போன் பக்கத்ததனைச் சுட்டி இன்றும் வாழ்கின்றன. தொல்காப்பியர் கூறிய மூன்றாம் சுட்டை ஏட்டில் மட்டும் கண்ட எமக்கு, 'சொரெ' என்பதன் ஆட்சி ஈழத்து நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்ட பின்னரே தெளிவாயிற்று.

தேர்வின் இலக்கணப் பகுதியில், நான்கு துண்டுகளாகச் சிதறிய தொடரை ஒழுங்குபடுத்தி, உடுக்குறி இட்ட இடத்தில் அமைவது எது எனக் கூறும் வினா ஒன்று உண்டு. பிறர் அஞ்சும் இவ்வினாவில் தமிழ் மாணவர் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. துண்டுகளைத் தமிழில் நிரல்படுத்தினாற் போதும்.

எல்லாம் இங்ஙனம் ஒத்துச் செல்வதில்லை. 'கிதெ இரு' என்பது 'வந்திருக்கிறார்' எனவே பொருள்படும். ஈண்டுத் தமிழர் தப்புவதில்லை. ஆனால் 'தபெதெ இரு' என்பதைத் 'தின்றிருக்கிறார்' எனக் கொள்வது பெரும்பாலும் பிழை. அது 'தின்றுகொண்டிருக்கிறார்' என்பது. 'இரு' என்னும் ஒலியொப்புமை மயக்கத்தை மிகுவிக்கின்றது. எழுவாயைக் குறிக்க வருவனபோல் தோன்றும் 'வ', 'க' என்னும் இரண்டு இடைச்சொற்களின் வேறுபாடும் உருபேற்காத முதல் வேற்றுமையிற் பழகிய நமக்குக் கடுமையுடையது. 'யானை வ, துதிக்கை க, நீளம்' என அமையும் தொடரை நாம் 'யானைக்குத் துதிக்கை நீளம்' என நான்காம் வேற்றுமை கொடுத்தே கூறுவோம். மிகாமி அகிரா என்னும் இலக்கண அறிஞர் இத்தொடரையே தலைப்பாக்கி 1960 இல் ஒரு நூல் எழுதினார் எனின், அதன் சிக்கல் சப்பானியர்க்கும் உரியது என்பது போதரும்.

இவ்வொப்புமைகள் இனவுறவைக் காட்டுமா என்பது வேறு வினா. ஓனோ சுசுமு (1919–2008) 1980 ஆம் ஆண்டையொட்டித் தமிழ்–சப்பானிய உறவுக் கொள்கையை முன்வைத்துத் தம் வாழ்நாள் இறுதிவரை வற்புறுத்தினார். நம் நாட்டிலும் ஈழத்திலும் அதனைப் போற்றினார் பலர். மொழிநூலாருள் பெரும்பான்மையோர் ஏற்றிலர். யாம் மேலே காட்டியவற்றுட் பலவும் கொரிய மொழியிலும் துருக்கியத்திலும் காணப்படுவனவே. தொடரமைப்பு ஒத்தலால் மட்டும் உறவு பெறப்படாது. மாணவர்க்கு ஈண்டு வேண்டுவது உறவு உண்டா என்பதன்று. ஒப்புமை எவ்விடத்தில் முடிகின்றது என்பதே.

எழுத்தில் அது தொடங்குவதேயில்லை. சீனத்தினின்று பெற்ற சித்திரவெழுத்துக்குக் 'கன்ஜி' என்று பெயர். (சோற்றுக் கஞ்சியை நினைவூட்டினும் குடிப்பதற்கு எளிதன்று.) 2010 இல் திருத்தப்பெற்ற பொதுவழக்குப் பட்டியலில் 2,136 எழுத்துகள் உள. எண்ணிக்கையினும் கொடியது, ஓரெழுத்துக்குப் பல ஒலிப்பு உண்மை. நீரைக் குறிக்கும் எழுத்து, தனித்து நின்றால் 'மிஸு' என்னும் நாட்டுச் சொல்லாகவும், கூட்டுச் சொல்லில் 'சுய்' என்னும் சீன வழிச் சொல்லாகவும் படிக்கப்படும். தமிழில் 'நீர்', 'சலம்' என்னும் இரண்டையும் ஒரே குறியால் எழுதி, சூழல் நோக்கிப் படித்துக்கொள்க என விட்டால் எங்ஙனமிருக்கும்? அங்ஙனமே அது. இதற்கு மனனமன்றி வேறு வழி காண்கிலேம்.

இனி எம் தோல்விக்குக் காரணமாகிய கேட்டலுக்கு வருவோம். மூன்றாம் படியில் கேட்டற் பகுதி 40 மணித்துளி. உரையாடல் ஒருமுறையே ஒலிக்கும். சில வினாக்களில் வினாவும் விடைகளும்கூடத் தாளில் இரா. யாவும் செவி வழியே. குறில் நெடில் வேறுபாட்டில் யாம் தவறவில்லை. 'ஒஜிசன்' என்றால் மாமன் அல்லது சிற்றப்பன். 'ஒஜீசன்' என்றால் பாட்டன். ஆங்கிலேயர் செவிக்கு ஒன்றாகப்படும் இவை தமிழ்ச் செவிக்குத் தெளிவாக வேறு. மாத்திரைக் கணக்கும் நமக்குப் புதிதன்று. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: நாம் மெய்க்கு அரை மாத்திரை கொள்வோம், அவர் இரட்டிக்கும் ஒற்றுக்கும் மூக்கொலிக்கும் முழு மாத்திரை கொள்வர். 'நிப்பொன்' என்பது நம் கணக்கில் மூன்று மாத்திரை. அவர் கணக்கில் நான்கு.

பிழை வல்லெழுத்தில் இருந்தது. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லெழுத்து நெகிழ்ந்தோ ஒலிப்புடையதாகவோ ஒலிக்கும். இரட்டித்தால் ஒலிப்பின்றி வலிந்தொலிக்கும். எனவே இரட்டித்தலும் ஒலிப்பின்மையும் நம் செவியில் ஒன்றோடொன்று பிணைந்தவை. சப்பானியத்தில் இவை தனித்தனிப் பண்புகள். ஒலிப்பிலாத ஒற்றைக் ககரம் உடைய சொல்லுக்குச் சீமைப் பனிச்சைப் பழம் என்று பொருள். ஒலிப்புடைய ஒற்றைக் ககரம் உடையதற்குத் திறவுகோல் என்று பொருள். ஒலிப்பிலாது இரட்டித்ததற்கு ஊக்கம், கலகலப்பு என்று பொருள். மூன்றையும் தமிழில் எழுதுக. முதலிரண்டும் 'ககி' என ஒன்றாகும். முதலாவதன் வன்மையைக் காக்க எண்ணிக் 'கக்கி' என எழுதினால் மூன்றாவதோடு மயங்கும். மூன்று பொருளுக்கு நம்மிடம் இரண்டே வடிவம். இவ்வாறே 'ஓசை' என்னும் பொருட்டாகிய 'ஒதொ' என்பது எம் செவியில் 'ஒத்தொ' எனப்பட்டுக் 'கணவன்' என்னும் பொருள் தந்தது. ஓசை கேட்டது என்னும் செய்தியைக் கணவன் குரல் கேட்டதாகக் கொண்டால், அதன்பின் வரும் உரையாடல் முழுதும் வேறொரு குடும்பக் கதையாகிவிடும்.

மெல்லெழுத்தை அடுத்தும் இதே இடர். எளிது என்னும் பொருளுடைய சொல்லில் மூக்கொலியின்பின் வரும் தகரம் ஒலிப்பிலாதது. அதனை யாம் எம் சொல்லேட்டில் 'கந்தன்' என எழுதி வைத்து, முருகன் பெயர்போலவே ஓராண்டு படித்து வந்தோம். ஒலிநாடாவில் அச்சொல் வந்தபொழுது அது நாம் அறிந்த சொல் எனத் தோன்றவேயில்லை. இங்கேதான் காரணம் பிடிபட்டது. செவி மட்டும் பிழைசெய்யவில்லை. சொற்பொருள் ஏடு முழுவதையும் தமிழெழுத்தில் எழுதி வந்த எம் பழக்கமே செவியைக் கெடுத்தது. தமிழ் நெடுங்கணக்கு தமிழ் ஒலியமைப்புக்கு மிகப் பொருத்தமானது; ஒலிப்பு வேறுபாடு பொருள் வேறுபாடு தாராத மொழிக்கு அதற்கெனத் தனியெழுத்து வேண்டா. அச்சிறப்பே பிறமொழியைக் குறிக்குமிடத்துக் குறையாகின்றது. 'கானா' என்னும் அசையெழுத்திலோ, ஒலிப்பிலா எழுத்தின் தோளில் இரு சிறு கோடிட்டால் ஒலிப்புடையதாகிவிடும்.

ஆங்கிலமும் பிற இந்திய மொழிகளும் பழகிய மாணவர்க்கு இவ்வேறுபாடு தெரியாதோ எனின், சொல்லின் முதலில் தெரியும். இடையில், விரைந்த பேச்சில், தாய்மொழிப் பழக்கமே மேலெழுகின்றது என்பது எம் பட்டறிவு.

அடுத்த ஐந்து திங்களும் புதுப்பாடம் ஒன்றும் படித்திலேம். பழைய ஏட்டைக் கானாவில் மாற்றியெழுதினோம். ஒரு நாளைக்கு இரண்டு மணித்துளி உரையாடலை எடுத்து, கேட்டதைக் கானாவில் எழுதி, அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிட்டு, இரு கோடு விட்ட இடங்களையும் மிகை இட்ட இடங்களையும் செம்மையாற் குறித்தோம். முதல் வாரத்தில் தாள் முழுதும் செம்மையாயிருந்தது. திசம்பரில் மீண்டும் அமர்ந்து கேட்டலில் 31 பெற்றுத் தேறினோம். இலக்கண மதிப்பெண் முன்னையினும் சிறிது குறைந்தது.

தேறிய பின்னர்ச் சப்பானியப் பேராசிரியர் ஒருவர்க்கு நான்கு வரிக் கடிதம் எழுத முயன்று ஒரு பகல் கழித்தோம். கண்டால் அறியும் எழுத்துகள் கைக்கு வரவில்லை. தேர்வு அதனைக் கேளாமையின் யாமும் பழகவில்லை. முதற்படி தேறினார்க்கும் இது பொருந்தும். சான்றிதழைப் பேச்சாற்றலுக்கும் எழுத்தாற்றலுக்கும் சான்றாகக் கொள்வது தேர்வின் பிழையன்று, கொள்வார் பிழை.

யாம் இம்மொழியைக் கற்கத் தொடங்கியது, சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராஷிமா (1933–2015) போன்றார் தம் தாய்மொழியில் எழுதியவற்றைப் படிக்கும் விழைவால். மூன்றாம் படி அதற்குப் போதாது; அகரமுதலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடரின் எலும்புக்கூட்டைக் காணலாம், அவ்வளவே. தென்னிந்திய வரலாற்று நூல் ஒன்றின் சப்பானியப் பக்கங்களைப் புரட்டியபொழுது, அயற்சொல் எழுதும் கானாவில் இருந்த நம் ஊர்ப்பெயர்களே முதலிற் கண்ணிற் பட்டன. மதுரையின் நடுவெழுத்துக்கு இரு கோடு இட்டிருந்தனர். காஞ்சிபுரத்தின் சகரத்துக்கு இடவில்லை; மூக்கொலியின்பின் ஒலிப்பிலாத சகரமாகவே அது நின்றது. நாம் ஒருநாளும் அவ்வாறு ஒலித்திலேம். வாய்விட்டுப் படித்த பின்னரே நம் ஊர் என்பது எமக்குத் தெரிந்தது.