சீட்டை மாற்றினால் ஏர்பேக் விளக்கு ஏன் எரிகிறது?

கதிர்காமம் வழுதாவூர் சாலையில் ஓடும் புதிய கார்கள் பலவற்றில் முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக் ஒன்று இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக், சீட்டுச் சாய்மானத்துக்குள் கதவுப் பக்கமாக மடிந்து கிடக்கிறது. அதன் வயரின் பிளக்தான் இது.

காரை ஆன் செய்ததும் கணினி அந்தச் சுற்றின் மின்தடையைப் பார்க்கும். வழக்கமாகச் சுமார் 2 ஓம். ஏர்பேக் இல்லாத வேறு சீட்டு போட்டால் சுற்று அறுபடும், விளக்கு எரியும். சிறு ரெசிஸ்டரைச் செருகி அதை அணைத்துவிடுவது சுலபம். ஆனால் அது கணினியை ஏமாற்றும் வேலை, ஏர்பேக் திரும்பி வராது.

பக்கவாட்டில் மோதினால் கதவுக்கும் விலாவுக்கும் நடுவே சில அங்குலம்தான். சுமார் 20 மில்லி வினாடிக்குள் பை விரிந்தாக வேண்டும். அதற்காகவே அந்த ஓரத் தையலைச் சட்டென்று கிழியும்படி தைக்கிறார்கள். சீட்டை மாற்றாமல் தடித்த ரெக்ஸின் உறையை இறுக்கிப் போட்டாலும் பை சிக்கிக்கொள்ளலாம்.