மக்காத படகில் மக்கிய தளம்!

பைபர் படகு மக்காது என்பார்கள். அது பாதி உண்மைதான்!

1960-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கட்டிய பைபர் உல்லாசப் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. ஆனால் சில படகுகளின் மேல்தளத்தில் கால் வைத்தால், 'மெத்'தென்று அமுங்குகிறது.

ஏன்?

தளம் முழுவதும் பைபர் அல்ல. மேலே ஒரு பைபர் தகடு. கீழே ஒரு தகடு. நடுவில் பால்சா என்ற லேசான மரம், அல்லது பிளைவுட் பலகை.

போல்ட் முடுக்கிய ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியேற வழி இல்லை. மரம் மக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது!

தட்டிப் பாருங்கள்

சிறு சுத்தியலால் தட்டினால், நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். மக்கிய இடம் 'தொப்' என்று கேட்கும்.

அங்கே மேல் தகட்டை அறுத்து எடுக்கவேண்டும். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது, முகமூடி அவசியம். மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிடவேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது. பிறகு புதுப்பலகையை எபாக்சி பசையில் பதித்து, தகட்டை மூடி, அறுத்த விளிம்பின் மேல் கண்ணாடி இழைத் துணியை ஒட்டவேண்டும்.

போல்ட் ஓட்டைகளைப் பெரிதாக்கி, எபாக்சியால் அடைத்து, நடுவில் மறுபடியும் துளைக்கவேண்டும். இனி தண்ணீர் மரத்தைத் தொடாது.

புயலில் மனிதன் பற்றிக்கொள்ளும் கைப்பிடிக் கம்பி, இந்தத் தளத்தில்தான் நிற்கிறது. உள்ளே மரம் மக்கினால், கம்பி கையோடு வந்துவிடும்!