இரட்டைக்குட்டி ஈனும் மறியை இனங்காண்பது எப்படி?

அனலைதீவை விட்டு இடம்பெயர்ந்த குடும்பமொன்று மீண்டும் பட்டி கட்டத் தொடங்கும்போது கையில் இருப்பது இரண்டோ மூன்றோ மறியாடுகள்தான். அவை ஒவ்வொரு குட்டியாக ஈன்று, அதிலும் பாதி கிடாயாகப் போனால், பட்டி பெருக வெகுகாலம் செல்லும். ஆகவே "எது இரட்டைக்குட்டி போடும்?" என்று ஆடு வாங்கப் போகிறவர் கேட்பது நியாயமே. பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம். இதற்கு வெளி அடையாளம் எதுவும் கிடையாது.

உள்ளே ஓர் அடையாளம் இருக்கக்கூடும் என்று பன்றியில் காட்டியவர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர். சீனத்து மெய்ஷான் பன்றி ஈற்றுக்குப் பதினைந்து குட்டிவரை ஈனும். அதன் கலப்பினங்களில், ஈஸ்ட்ரஜன் ஓமோனை ஏற்கும் பரம்பரையலகின் ஒரு வடிவம் இருந்தால் ஈற்றுக்கு ஒரு குட்டி அளவில் கூடுவதாக 1996 இல் அறிவித்தார்கள். பின்னர் வேறு இனங்களிற் பார்த்தபோது சிலவற்றில் அந்தப் பலன் தெரியவில்லை.

எம்மவர் பன்றியைவிட ஆட்டோடு பழகியவர்கள். எமக்குக் கிட்டிய உதாரணமும் செம்மறியில்தான் உண்டு. வங்காளத்துச் சுந்தரவனச் சதுப்பில் கரோல் என்றொரு சிறிய செம்மறி இனம் இரண்டு, மூன்று குட்டி ஈனும். 1792, 1793 ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய வங்காளச் செம்மறிகள் வழியாகவே அந்தக் குணம் அவுஸ்திரேலியாவின் புரூலா மெரினோ ஆடுகளுக்குப் போனது என்பது ஆய்வாளர் கருத்து. அதற்குக் காரணமான பரம்பரையலகு மாற்றம் 2001 இல் கண்டுபிடிக்கப்பட்டது. கரோலிலும் அதே மாற்றம் இருப்பது 2002 இல் உறுதியாயிற்று.

மகாராஷ்டிரத்தில் பல்தான் என்ற ஊரிலுள்ள நிம்ப்கர் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் கரோலை உள்ளூர்த் தக்காணிச் செம்மறியோடு கலந்தது. இரத்தத்தில் டி.என்.ஏ. சோதித்து, மாற்றம் உள்ள குட்டிகளைத் தெரிந்து, மறுபடியும் தக்காணியோடு சேர்த்தார்கள். பருமன் தக்காணியுடையது, ஈற்று கரோலுடையது. அந்த ஆடுகள் இடையர்களின் பட்டிகளுக்கே கொடுக்கப்பட்டன.

அந்த மாற்றம் செய்வது இவ்வளவுதான்: மறியின் சூலகத்தில் ஒரே தடவையில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் முதிரும். பால் சுரக்கவைப்பது அதன் வேலையல்ல. இரட்டையர் எடை குறைந்தே பிறப்பர். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பங்கு சினைக்காலத்தின் கடைசி ஆறு கிழமையில் நடக்கிறது. இரட்டை சுமக்கும் மறி அப்போது அரைவயிறு கிடந்தால் தாயே நோயில் விழும். கோடையில் புல் கருகும் தீவில் இது சிறிய விடயமல்ல. ஆவணியில் கிடாய் சேர்த்தால் ஐந்து மாதத்தில், தையில் ஈனும். மாரிப் புல் அப்போதும் நிற்கும். அத்தோடு பூவரசங்குழை, முருங்கையிலை, கொஞ்சம் தவிடு, புண்ணாக்கு.

இரத்தச் சோதனைக்கு வழியில்லாதவருக்குப் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும். எந்த மறி, எந்தத் திகதி, எத்தனை குட்டி, மூன்று மாதத்தில் எத்தனை உயிரோடு என்று எழுதுங்கள். ஒரு தடவை இரட்டை போட்டதை நம்பவேண்டாம். நல்ல தீனியாலும் அது வரும். இரண்டு மூன்று ஈற்றிலும் இரட்டையரை வளர்த்தெடுத்த தாயின் மகனையே கிடாயாக விடுங்கள். அவனையும் சொந்த மகள்மாரோடு சேர்க்காதீர்கள், குட்டிகள் நலிந்துபோகும். சிறிய தீவில் இது தெரியாமலே நடந்துவிடும். இரண்டு வருடத்துக்கொருமுறை எழுவைதீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒருவரோடு கிடாயை மாற்றிக்கொள்ளலாம். வள்ளத்தில் ஏற்றுவது கரைச்சல்தான். காலைக் கட்டி, கண்ணை மறைத்தால் அடங்கிக் கிடக்கும்.